டேகேரில் விட்டால் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடுமா? சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள்

அழகாபுரம்_அம்மா

மகனுக்கு 22 மாதம். அம்மா, தாத்தா, காக்கா, மம்மு, டாட்டா, போ, இப்படி எல்லாம் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு சொல் தேறும். இரண்டு சொல்லைச் சேர்த்து இதுவரை சொன்னதில்லை. ஆனால் நாம் சொல்வது புரிகிறது. செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவான், ஃபேனைக் காட்டு என்றால் காட்டுவான், வேண்டியதை விரல் நீட்டிக் கேட்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் இல்லை. விளையாட்டு மும்முரம் என்று விட்டுவிடுகிறோம்.

அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். டேகேரில் விடுவது என்று முடிவாகிவிட்டது, சண்டை அதில் இல்லை. நாலு பிள்ளைகளோடு சேர்ந்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்கிறார் மாமியார். அங்கே யார் அவனோடு உட்கார்ந்து பேசப் போகிறார்கள், இருக்கிற நாலு வார்த்தையும் போய்விடும் என்கிறார் என் அம்மா. இரண்டு பேரும் இதை நேரில் பேசிக்கொள்வதில்லை, நடுவில் நான்தான் போஸ்ட்மேன்.

இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஐந்து ரோடு பக்கம் ஒன்று: ஏசி, சுவரெல்லாம் கார்ட்டூன், பெரிய டிவியில் ரைம்ஸ், முழுக்க இங்கிலீஷ்தான் பேசுவோம் என்கிறார்கள், ஃபீஸும் அதிகம். அஸ்தம்பட்டியில் இன்னொன்று: ஒரு வீட்டின் கீழ்ப்பகுதி, ஆறேழு பிள்ளைகள், நடுத்தர வயதில் ஒரு அக்கா, உதவிக்கு ஒரு பெண், பொம்மைகள் பழசு, வெளியே ஒரு கொய்யா மரம். கணவருக்கு முதலாவது பிடித்திருக்கிறது. பேச்சு வர எது உதவும்?

சூரமங்கலம்_பெரியவர்

பயப்படாதே அம்மா. ஆண்பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசும். என் பெரியவன் நாலு வயது வரை வாயே திறக்கவில்லை, இப்போது பெங்களூரில் மீட்டிங் மீட்டிங்காக நடத்துகிறான், பொங்கலுக்கு வந்தால் அவன் பேச்சை நிறுத்த முடியவில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவிப் பாருங்கள். டேகேர் எல்லாம் எதற்கு, வீட்டில் பெரியவர்கள் இல்லையா?

செவிமொழி

சேலத்தில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். எழுத்தை வைத்து யாருக்கும் இதுதான் பிரச்சினை என்று சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் ஐயாவுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள். வசம்பு தடவிப் பேச்சு வந்த பிள்ளை தடவாவிட்டாலும் பேசியிருக்கும். தேன் ஒரு வயதுக்குக் கீழே கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். ஆண்பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பின்னால் வருவார்கள் என்பது நிஜம்தான், ஆனால் நாலு வயது வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை அது. உங்கள் மகன் பேசினார், சந்தோஷம். பேசாமலே போன பிள்ளைகளின் தாத்தாக்கள் இங்கே வந்து எழுதுவதில்லை.

இப்போது அம்மாவுக்கு. ஒரு வயதையொட்டி முதல் சொல் வரும். 2 வயதில் ஐம்பது சொல் அளவுக்கும், கூடவே ‘அப்பா வா’, ‘பால் வேணும்’, ‘பூனை போச்சு’ என்று இரண்டைச் சேர்த்தும் சொல்லும். மூன்று வயதில் வெளியாட்களுக்கே முக்கால்வாசி புரிய வேண்டும். 2 வயதில் இதை எட்டாத பிள்ளைகள் பத்துக்கு ஒன்றிரண்டு எப்போதும் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பிறகு எட்டிப்பிடித்துவிடுவார்கள். யார் பிடிப்பார், யார் பின்தங்குவார் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லாததால்தான் ‘பார்ப்போம், பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவதை நாங்கள் விரும்புவதில்லை. விரல் நீட்டுகிறான், சொன்னது புரிகிறது, இரண்டும் நல்ல அறிகுறி. இருந்த சொற்கள் மறைய ஆரம்பித்தால் மட்டும், எந்த வயதானாலும், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி: ‘சில நேரம் திரும்புவதில்லை’. டேகேர் தேடுவதற்கு முன்னால் காதைப் பாருங்கள். ஓஏஇ என்ற பரிசோதனை, காதுக்குள் ஒலி அனுப்பி உள்காது பதில் தருகிறதா என்று பார்ப்பது, சில நிமிடத்தில் முடியும், வலி இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க டிம்பனோமெட்ரி. தேவைப்பட்டால் பெரா, ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலைப் பார்ப்பது, அதற்குப் பிள்ளை தூங்க வேண்டும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் இஎன்டி பிரிவுக்குப் போகலாம். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை குழந்தைகளுக்கு வளர்ச்சித் தாமதத்துக்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், அதற்காகத்தான் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று வைத்திருக்கிறார்கள். பலருக்குத் தெரிவதே இல்லை.

டேகேர் கேள்விக்கு மாலை வந்து எழுதுகிறேன், வாசலில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

எல்கேஜி_அப்பா

ஐந்து ரோடு பக்கமே போங்கள், யோசிக்காதீர்கள். எப்படியும் இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்க்கப் போகிறீர்கள். எங்கள் மகளை ஒன்றரை வயதிலிருந்து இங்கிலீஷ் பேசும் இடத்தில் விட்டோம், எல்கேஜி இன்டர்வியூவில் நிறம், பழம், விலங்கு எல்லாம் கடகடவென்று சொன்னாள். வீட்டில் தமிழ், வெளியே தமிழ், டேகேரிலும் தமிழ் என்றால் பிறகு எங்கே கற்பான்?

பட்டுநூல்_வீடு

எல்கேஜி அப்பா, நிறமும் பழமும் சொல்வது மனப்பாடம். ‘என் பந்து கட்டிலுக்கு அடியில் போயிடுச்சு, எடுத்துக் குடு’ என்று சொல்வதுதான் பேச்சு. உங்கள் மகள் அதையும் சொல்லியிருப்பாள், சந்தேகமில்லை, ஆனால் வீட்டில் நீங்கள் பேசியதால் வந்திருக்கும்.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம். தெருவில் தமிழ். மகனுக்கு இரண்டு வயதானபோது டேகேர் நடத்தியவர், வீட்டிலும் தமிழே பேசுங்கள், பிள்ளை குழம்புகிறான் என்றார். ஒரு தெரபிஸ்டிடம் போனோம், அவர் கேட்ட முதல் கேள்வி, இரண்டு மொழியையும் சேர்த்து எத்தனை சொல் என்பது. எண்ணிப் பார்த்தால் வயதுக்குச் சரியாகவே இருந்தது! தமிழை மட்டும் எண்ணினால் பாதிதான். என் பாட்டிக்குச் சௌராஷ்டிரத்தில்தான் கொஞ்ச வரும், திட்ட வரும், கதை சொல்ல வரும். அவரைப் போய்த் தமிழில் பேசு என்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், நஷ்டம் பிள்ளைக்குத்தான். சேலத்தில் வீட்டுக்குள் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் தெருக்கள் எத்தனை! அந்தப் பிள்ளைகள் எல்லாம் குழம்பிப்போய் நிற்கிறார்களா?

செவிமொழி

பட்டுநூல் சொன்னதே சரி. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இங்கிலீஷ் டேகேரும் தப்பில்லை, அங்கே இருப்பவர்களுக்கு அந்த மொழியில் ஒரு பிள்ளையோடு கதை அடிக்க முடியுமானால். நான் போய்ப் பார்த்த பல இடங்களில் ‘சிட் டவுன்’, ‘கம் ஹியர்’, ‘டோன்ட் டூ’, இதோடு ஆயாவின் இங்கிலீஷ் முடிந்துவிடுகிறது, தமிழ் பேசக் கூடாது என்று கட்டளை வேறு. பாவம், நாள் முழுக்க வாயடைத்துக்கொண்டு வேலை செய்கிறார். தமிழ் தெரிந்த ஒரு பெண்ணை ஊமையாக்கி அதற்கு ஃபீஸும் வாங்குகிறார்கள்.

டிவி ரைம்ஸ் பற்றி. 2003இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை வெளியானது, இன்றைக்கும் நாங்கள் சொல்வது அதைத்தான். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டிப் பேசி விளையாடினார்கள், அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவில் காட்டினால் ஒன்றும் ஏறவில்லை. வீடியோவுக்குப் பிள்ளை சிரித்தது தெரியாது, திரும்பியது தெரியாது. உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னதும், 2 வயதுக்குக் கீழே திரை வேண்டாம், அதற்கு மேல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணிநேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பதுதான். ‘கல்விக்கான’ வீடியோவுக்கு விலக்கு எதுவும் கொடுக்கவில்லை.

மாமியார், அம்மா இருவரில் யார் சரி என்றால், பிள்ளையைச் சுற்றிப் பேச்சு இருப்பது வேறு, பிள்ளையோடு பேசுவது வேறு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் வேலை செய்யும். அவன் ‘காக்கா’ என்று கையைக் காட்டும்போது, ‘ஆமாடா, காக்கா பறந்து போச்சு, கறுப்புக் காக்கா’ என்று சொல்ல ஒரு ஆள் அங்கே இருக்கிறாரா? இருந்தால் உங்கள் மாமியார் ஜெயித்தார்.

தறிச்சத்தம்

கொண்டலாம்பட்டி பக்கம் நாங்கள். வீட்டை ஒட்டியே விசைத்தறி, ராத்திரியும் ஓடும். தறி ஓடும்போது வீட்டில் யாரும் பேசுவதில்லை. கத்துவோம், இல்லையென்றால் கையைக் காட்டுவோம். சோறு போடவா என்பதற்கே ஒரு கை ஜாடை உண்டு. மகளும் அதையே கற்றுக்கொண்டாள், இரண்டு வயதில் ஜாடை ஏகப்பட்டது, சொல் கொஞ்சம்.

பால்வாடியில் விட்டோம். தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்ததும் எடுத்துக்கொள்கிறார்கள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள், காசு இல்லையா என்று கேட்டார்கள். அங்கன்வாடித் திட்டம் 1975இல் வந்தது, ஐம்பது வருடமாக ஊரில் பாதிப் பேர் அதில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான், இன்றைக்கு அதன் பெயரைச் சொன்னாலே கௌரவக் குறைச்சல். எங்கள் பால்வாடி தெருக்கோடியில், தறி இல்லாத பக்கம். டீச்சர் தரையில் உட்கார்ந்து பேசுவார். கத்தரிக்காயைக் கையில் கொடுத்து வழுவழுப்பா, முள் எங்கே இருக்கு, காம்பு எந்தப் பக்கம் என்று கேட்பார். அங்கே அவளுக்கு மனிதக் குரல் தனியாகக் காதில் விழுந்தது என்பது என் எண்ணம். கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்து டீச்சர் தோரணையிலேயே ‘சத்தம் போடாம உக்காருங்க’ என்று என்னை உட்கார வைத்தாள்.

எல்லாப் பால்வாடியும் இப்படி என்று சொல்ல வரவில்லை. டீச்சர் பதிவேடு எழுதவும் போனில் விவரம் ஏற்றவும் மீட்டிங்குக்கு ஓடவுமே நேரம் போகும் இடங்களும் தெரியும்.

செவிமொழி

தறி ஓடும் இடத்தில் சத்தம் சாதாரணமாகவே 90 டெசிபெலைத் தாண்டும். பெரியவர்களுக்கு மொழி ஏற்கெனவே தெரியும், பாதி காதில் விழுந்தால் மீதியை மனதில் நிரப்பிக்கொள்வோம். மொழியே தெரியாத பிள்ளை எதை வைத்து நிரப்பும்? அதனால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அமைதி அதிகமாக வேண்டும். அண்ணா, பிள்ளை தூங்கும் அறையைத் தறியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள், உங்கள் காதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

டேகேருக்கும் இதே கணக்குதான். சன்னலை மூடிய ஏசி ஹால், டைல்ஸ் தரை, வெறும் சுவர், டிவி ஓடுகிறது, இருபது பிள்ளைகள். அங்கே போய்க் கண்ணை மூடி நில்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் சொல்வது உங்களுக்கே புரியாது.

முன்னாள்_டேகேர்_டீச்சர்

இங்கே யாரும் ஆயா பக்கம் நின்று பேசவில்லை, நான் பேசுகிறேன். நகரில் ஒரு டேகேரில் சில வருடம் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வரை பதினான்கு பிள்ளைகள், நானும் ஒரு ஆயாவும். காலையில் நாலு பேர் அழுதுகொண்டே வருவார்கள், அதில் ஒருவனைத் தூக்கினால் மற்ற மூவரும் காலைக் கட்டிக்கொள்வார்கள், அதற்குள் ஒருவன் கடித்துவிடுவான், கடிபட்ட பிள்ளையின் அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், பத்து மணிக்குப் பால், பால் முடியும் முன் டயப்பர், டயப்பர் முடியும் முன் சாப்பாடு. பேச மூச்சு எங்கே இருக்கும்? ‘உட்கார், ஓடாதே, வாயைத் திற, முழுங்கு, தூங்கு’, இந்த ஐந்து வார்த்தையில் நாள் ஓடிவிடும். டிவியைப் போடுவது சோம்பேறித்தனத்தால் இல்லை, டிவி போட்டால்தான் நாங்கள் பாத்ரூம் போக முடியும்.

அப்புறம் சின்ன இடம் ஒன்றுக்கு மாறினேன். சம்பளம் குறைவு, பிள்ளைகளும் குறைவு. நடத்திய அம்மா அதிகம் படித்தவர் இல்லை, ஆனால் ஒரு விஷயத்தில் கறார். டயப்பர் மாற்றும்போதுதான் ஒரு பிள்ளை உனக்குத் தனியாகக் கிடைக்கிறது, அந்த நேரத்தில் மோட்டுவளையைப் பார்க்காதே, பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசு என்பார். ‘இந்தக் காலைத் தூக்கு, ஐயோ ஈரம், ஜில்லுன்னு இருக்கா, அந்தக் கால் எங்கே, இதோ அந்தக் கால்.’ முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது, பதில் சொல்லாத பிள்ளையிடம் என்ன இப்படி வளவளவென்று. சாப்பாட்டு நேரத்திலும் அப்படித்தான். ‘இன்னும் வேணுமா, போதுமா?’ என்று கேட்டுவிட்டு, கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஐந்து எண்ணும் வரை. பிள்ளை ‘ஆ’ என்று சொன்னால் அது பதில், ‘வேணுமா, பருப்பு சாதம் வேணுமா’ என்று சொல்லிவிட்டு ஊட்ட வேண்டும். காத்திருப்பதுதான் கஷ்டம், நம் ஆட்களுக்குக் கேள்வியும் நாமே பதிலும் நாமே.

‘லயில்’ என்று சொன்னால் சிரிக்கக் கூடாது, ‘ர சொல்லு, ர சொல்லு’ என்று பிடுங்கவும் கூடாது. ‘ஆமா, ரயில், பெரிய ரயில், கூன்னு போகுது’ என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டால் போதும். பருப்பு கடைந்து கையில் ஊட்டுகிற விளையாட்டு, நண்டு ஊர்கிற விளையாட்டு, இதெல்லாம் வெறும் கிச்சுகிச்சு இல்லை. அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும், நடுவில் நிறுத்தினால் அதுவே அடுத்த சொல்லைச் சொல்லும். சொல்லாத பிள்ளையும் கையையாவது நீட்டும்.

பெற்றோர்கள் மாலையில் கேட்பது, சாப்பிட்டானா, தூங்கினானா, ரைம்ஸ் சொன்னானா. இன்றைக்கு அவன் உங்களிடம் என்ன சொன்னான் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கும் சொல்லும்படி ஏதாவது வேண்டுமே என்று கவனித்திருப்போம்.

கேள்விக்குறி

எல்லோரும் அனுபவம் சொல்கிறீர்கள், சரி. பேசிக்கொண்டே இருந்தால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? வசதியான வீட்டுப் பிள்ளை 3 கோடி வார்த்தை அதிகமாகக் கேட்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறதே, அதுவா? அப்படிப் பார்த்தால் ரேடியோவை ஆன் செய்து வைத்தால் போதுமே.

செவிமொழி

நல்ல கேள்வி. அந்த 3 கோடி, 1995இல் அமெரிக்காவின் கான்சாஸ் பக்கம் 42 குடும்பங்களைப் பார்த்துப் போட்ட கணக்கு. 42 வீட்டை வைத்து இவ்வளவு பெரிய எண்ணா என்று பிறகு நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள், ஏழைப் பெற்றோரைக் குறை சொல்வது போலவும் ஆகிவிட்டது. 2018இல் எம்ஐடியில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அதில் பிள்ளை காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய தடவைகள்தான் மூளையின் மொழிப் பகுதி இயங்குவதோடு அதிகம் பொருந்தின. ஆக ரேடியோ உதவாது. ரேடியோ உங்கள் முறைக்குக் காத்திருக்காது.

டேகேர் பற்றியே நேராக ஆராய்ந்ததும் இருக்கிறது. அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று 1991 தொடங்கி 1,364 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்தது. பராமரிப்பவர் பிள்ளையோடு எவ்வளவு பேசுகிறார், கேள்வி கேட்கிறார், பதில் சொல்கிறார் என்பது மொழி வளர்ச்சியோடு சேர்ந்து போனது. விளைவு பெரியதில்லை, ஆனால் இருந்தது. அதைவிட அதிகமாகத் தெரிந்தது வீடு. டேகேர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாலையிலும் இரவிலும் வீட்டில் நடக்கும் பேச்சின் இடத்தைப் பிடிக்கவில்லை. வேலைக்குப் போகிற அம்மாவைக் குற்றம் சாட்ட இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் அப்பாவும் இருக்கிறார்.

மிளகுக்கொடி

ஏற்காட்டிலிருந்து. நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். இங்கே டேகேர் என்பது புது விஷயம் இல்லை, 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே எஸ்டேட்டில் கிரெஷ் வைக்கச் சொன்னது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், கார்த்திகை மார்கழிக் குளிரில், அம்மாக்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மலைச்சரிவில் இறங்கிவிடுவார்கள். கைக்குழந்தையிலிருந்து அஞ்சு வயது வரை ஒரே அறை. பொம்மை ஏதும் கிடையாது. எங்கள் ஆயா மலைக்கிராமத்துப் பெண், வாய் ஓயாது, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் நத்தை காட்டுவார், மிளகுக்கொடி எங்கே ஏறுது பார் என்பார், பனி வந்து மரத்தை மறைத்தால் ‘மரத்தைக் காணோமே, யார் எடுத்துக்கிட்டுப் போனது?’ என்று கேட்பார், பிள்ளைகள் ஆளுக்கொரு திருடனைச் சொல்லும்.

வயது கலந்து இருப்பதில் ஒரு லாபம் பார்த்திருக்கிறேன். நாலு வயதுக்காரி ஒருத்தி, சின்னது என்ன கேட்கிறது என்று ஆயாவுக்கே மொழிபெயர்ப்பாள். கஷ்டமும் உண்டு. ஒரு பிள்ளைக்குக் காது சரியில்லையோ என்று சந்தேகம் வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம் தாண்டி ஜிஹெச் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும், ‘அடுத்த வாரம்’ என்றே மாதங்கள் ஓடும். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வரவேண்டிய பரிசோதனைக் குழு வரும் தேதியைக் கேட்டு வைத்து, அன்றைக்குப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதுதான் நடக்கக்கூடிய வழியாக இருக்கிறது.

செவிமொழி

மிளகுக்கொடி, உங்கள் ஆயாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பது நிஜம், ஆனால் அது மூன்று வயதையொட்டித்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டு வயதுக்காரர்கள் ஏழு பேரை மட்டும் சேர்த்து உட்கார வைத்தால் பொம்மையைப் பிடுங்கிக்கொள்வார்கள், மொழி பெருகாது. ‘நாலு பிள்ளைகளோடு சேர்ந்தால் தானாக’ என்பதில் அந்தத் ‘தானாக’ தான் இடிக்கிறது.

இன்னொன்று, யாரும் எழுதவில்லை. டேகேர் சேர்ந்த முதல் வருடம் சளி மாறி மாறி வரும். சளி போன பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் நிற்கலாம், அப்போது காதில் பஞ்சு வைத்தது போல மந்தமாகத்தான் கேட்கும், காய்ச்சலோ வலியோ இல்லாததால் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். வடியாவிட்டால் இஎன்டி டாக்டர் பார்க்க வேண்டும். பேச்சு வரட்டும் என்று டேகேரில் விட்டு, அங்கே ஒட்டிய சளியால் காது மந்தமாகி, பேச்சு இன்னும் பின்னால் போன பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

சூரமங்கலம்_பெரியவர்

வசம்பை விடுங்கள், தோற்றுப்போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் பிள்ளைக்குப் பேச்சுக்கு என்ன பஞ்சம்? அதையும் ஆராய்ச்சி செய்து சொல்லுங்கள்.

முன்னாள்_டேகேர்_டீச்சர்

ஐயா, பஞ்சம் இல்லைதான், தாத்தா கையில் செல்போன் இல்லாத வரை. இப்போது பல வீட்டில் சோறு ஊட்டுவதே யூடியூப். அந்தப் பிள்ளைகள் டேகேரில் டிவி இல்லையென்றால் வாயையே திறப்பதில்லை, சாப்பிடவும் சரி, பேசவும் சரி.

எல்கேஜி_அப்பா

செல்போன் விஷயத்தில் டீச்சரோடு உடன்படுகிறேன். இங்கிலீஷ் விஷயத்தில் இன்னும் இல்லை. மூன்று வயதில் அட்மிஷனுக்கு நிற்கும்போது நீங்கள் யாரும் கூட வர மாட்டீர்கள்.

அழகாபுரம்_அம்மா

எல்லோருக்கும் நன்றி, நேற்று இரவு கணவரையும் உட்கார வைத்து முழுக்கப் படிக்கச் சொன்னேன்.

காது பரிசோதனைக்குப் போனோம். வலது காது சரி. இடது காதில் ஓஏஇ தேறவில்லை, டிம்பனோமெட்ரியிலும் ஏதோ தட்டையாக வருகிறது, சளி இருப்பதால் இருக்கலாம், சில வாரம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார்கள். அதுவரை அவன் எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசச் சொன்னார்கள்.

இரண்டு டேகேருக்கும் சொல்லாமல் பதினொரு மணி வாக்கில் போனேன். முதல் இடத்தில் வாசலிலேயே நிறுத்தி, அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் உள்ளே விட முடியாது, வேண்டுமானால் கேமராவில் காட்டுகிறோம் என்றார்கள். கேமராவில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, எல்லாப் பிள்ளைகளும் டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள், படம் மட்டும்தான், சத்தம் வரவில்லை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேமராவில் எப்படித் தெரியும்? அஸ்தம்பட்டியில் கதவு திறந்தே இருந்தது, அதுவே ஒரு கவலை, கேட் தாழ்ப்பாள் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அந்த அக்கா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், மடியில் ஒன்று, பக்கத்தில் இரண்டு. ஒரு பிள்ளை கீரைத்தண்டைத் தூக்கிக் காட்டி என்னவோ சொன்னது, எனக்குப் புரியவில்லை, அக்காவுக்குப் புரிந்து ‘ஆமா, அதுல பூச்சி இருக்கு, தூக்கிப் போடு’ என்றார். நான் நின்ற நேரத்தில் அங்கே செல்போனும் டிவியும் ஓடவில்லை. ஆனால் மதியம் சீரியல் ஓடுமா என்று கேட்டதற்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு கொஞ்சம் என்று சிரித்தார்.

கணவர் இன்னும் அரை மனதாகத்தான் இருக்கிறார். ஆனால் அங்கேயே விடுவதாக முடிவு. சேர்க்கும்போது அவரிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும்?

முன்னாள்_டேகேர்_டீச்சர்

அவன் சொல்லும் பத்துப் பன்னிரண்டு சொல்லையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் மம்மு என்றால் சோறா, தண்ணியா, பாலா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் தண்ணியைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை சொல்வதையே நிறுத்திவிட்டு அழ ஆரம்பிக்கும். ஜாடைகளையும் எழுதுங்கள். மாலையில் கூட்டிவரும்போது இரண்டு நிமிடம் நின்று, இன்றைக்குப் புதிதாக ஏதாவது சொன்னானா, எதைப் பார்த்துச் சொன்னான் என்று கேளுங்கள். அதையே வீட்டில் தொடரலாம். இடது காது விஷயத்தையும் சொல்லிவிடுங்கள், வலது பக்கம் வந்து பேசட்டும்.

செவிமொழி

மறுபரிசோதனைத் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், சளி போய்விட்டது என்று நினைத்தாலும் போங்கள். 2 வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லையென்றால் காது சரியாக இருந்தாலும் ஒரு தெரபிஸ்டைப் பாருங்கள். யாரிடம் போனாலும் ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், பதிவு எண் கேளுங்கள், பதிவு இல்லாமல் பேச்சுப் பயிற்சி என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் நிறைய.

தறிச்சத்தம்

கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் அந்த அக்கா மாதிரி யாராவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். சின்னவளுக்கு ஒரு வயது ஆகிறது, பால்வாடியில் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது.